ஹெட்நோட்டும் புரோநோட்டும்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பி.காம். முடித்துவிட்டு, சத்துவாச்சாரி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் ஒரு வக்கீலிடம் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். டைப்பிங், வாய்தா குறிப்பது எல்லாம் பழகிவிட்டது. தீர்ப்பு தேடிக் கொடு, நோட்டீஸ் எழுது என்றால்தான் கை நடுங்குகிறது. எழுதிக் கொடுத்தால் சீனியர் முக்கால்வாசியை அடித்துவிடுகிறார். ஆன்லைனில் பாராலீகல் (வக்கீலுக்கு உதவியாளராக வேலை செய்யும் பயிற்சி) கோர்ஸ் சேரலாமா? நீங்களும் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

சேருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உட்கார்ந்து தப்பை அடித்துத் தருகிற சீனியர் எந்த கோர்ஸிலும் கிடைக்கமாட்டார். அவர் அடித்த தாள்களைக் கசக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள். ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்திருப்பீர்கள். என் விஷயத்தில் அது ‘மேற்படி’. ஒரே பக்கத்தில் பதினோரு மேற்படி. எது யாரைக் குறிக்கிறது என்று எழுதின எனக்கே தெரியாது.

தீர்ப்பு தேடுவதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. சேர்ந்த இரண்டாம் வருஷம், தீர்ப்புகளை வெளியிடும் ஜர்னலில் ஹெட்நோட்டை (தீர்ப்புக்கு மேலே அச்சிடும் சுருக்கத்தை) மட்டும் படித்துவிட்டு ஒரு தீர்ப்பை நகல் எடுத்துக் கொடுத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அதே தீர்ப்பின் கடைசிப் பத்தியை வாசித்தார். அது எங்களுக்கு எதிராக இருந்தது. சீனியர் திட்டவில்லை. மத்தியானம் சாப்பிடவும் கூப்பிடவில்லை. ஹெட்நோட் என்பது ஜர்னல்காரர் எழுதுவது, நீதிபதி எழுதியதல்ல என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பயிற்சிக்கு நம் ஊர் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம், 28.8.1996. எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) ஜர்னலின் 1996-ம் வருஷத் தொகுதிகளில் ஐந்தாவது, 647-ம் பக்கம். டேனரிக் (தோல் பதனிடும் ஆலை) கழிவு பாலாற்றில் கலந்ததைப் பற்றி, நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கே போன மனு. ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற வரியோடு எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கடைசிவரை போங்கள். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், அதைக் கலெக்டர் ஆபீஸில் கட்ட வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று தனி ‘பசுமை அமர்வு’ அமைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வேண்டுகோள். வழக்கை நடத்திய வக்கீல் எம்.சி. மேத்தாவுக்கு மாநில அரசு 50,000 ரூபாய் தர வேண்டும் என்பது வரை இருக்கிறது. யார் என்ன கேட்டார், கோர்ட் என்ன உத்தரவிட்டது, எதற்காக: இந்த மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தீர்ப்பு உச்ச நீதிமன்ற இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

ஏஐ-யிடம் தீர்ப்பு கேட்கிற பழக்கம் இருந்தால், அது சொல்லும் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகே தாளில் ஏற்றுங்கள். 2023-ல் நியூயார்க்கில் ஏஐ கொடுத்த, இல்லாத தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

சரி, எழுத்துக்கு வருவோம். டிராஃப்ட் சரியாக வராததற்கு மொழி காரணமாக இருக்காது என்பது என் சந்தேகம். தேதிகளை அடுக்காமல் எழுத உட்காருகிறீர்கள். ஒரு புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு) வருகிறது, தேதி 10.6.2022 என்று வையுங்கள். வழக்குப் போட மூன்று வருஷம் என்று கணக்குப் போட்டு 10.6.2025-ல் காலாவதி என்று எழுதிவிடுவீர்கள். தாளைத் திருப்புங்கள். பின்பக்கம், ‘4.3.2024, வட்டிக்கு ரூ.5,000’ என்று கடன் வாங்கியவரே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காலவரையறைச் சட்டம் 19-ம் பிரிவின்படி கணக்கு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கிறது, 4.3.2027 வரை வழக்குப் போடலாம். நோட்டீஸில் முதலில் ஏற வேண்டியது இந்த வரவுதான். ‘எங்கள் கட்சிக்காரர் நற்பெயரும் நாணயமும் உள்ளவர்’ என்ற பத்தியை உங்கள் சீனியர் அடித்திருப்பார். அடிக்கட்டும்.

கிரிமினல் பக்கமும் இதே கதைதான். 1.7.2024 முதல் நடந்த மோசடி என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4). அதற்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420. கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய டிராஃப்டைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுகிற ஆபீஸ்களில் இது தினமும் தப்பாகிறது.

அப்புறம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6-வது கட்டளை (ஆர்டர்), 2-வது விதியைப் படித்துவிடுங்கள். பிராதும் பதிலுரையும் எழுதும் முறையைச் சொல்கிற சின்ன விதிதான். நடந்ததைச் சொல், சாட்சியத்தைக் கொட்டாதே, பத்திக்கு எண் போடு, தேதியையும் தொகையையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுது என்கிறது. இதில் பெரும்பகுதியை 1908-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். எனக்கு நான்கு வருஷம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

இந்த வாரம் கையில் இருக்கும் ஏதாவது ஒரு வழக்குக் கட்டுக்குத் தேதிப் பட்டியல் போட்டுச் சீனியரிடம் நீட்டுங்கள், டிராஃப்ட் கேட்பதற்கு முன்பே. அவர் எத்தனை தேதியை அடித்தார் என்று எழுதுங்கள். கட்சிக்காரர் பெயர் மட்டும் வேண்டாம்.