வாசகர் கேள்விகள்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அடிபட்ட அலாய் வீல்

கேள்வி: பத்து ஆண்டுகள் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அண்மையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். முன்பக்க இடது அலாய் வீலின் முகப்பில் நடைபாதை ஓரக்கல்லில் உரசிய தழும்புகள் இருப்பதை வாங்கும்போதே பார்த்தேன். அழகுக் குறைதானே என்று விட்டுவிட்டேன். இப்போது மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. அந்தச் சக்கரத்துக்கு மட்டும் வாரம் ஒருமுறை காற்றடிக்க வேண்டியிருக்கிறது. டயர் கடைக்காரர் தட்டி நிமிர்த்திவிடலாம் என்கிறார். வெல்டிங் செய்பவர், விரிசல் இருந்தால் அடைத்துத் தருகிறேன் என்கிறார். நண்பரோ நான்கு வீல்களையும் மாற்றிவிடச் சொல்கிறார். மூவருமே சக்கரத்தைக் காரிலிருந்து கழற்றாமல் பார்த்துத்தான் சொன்னார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டயரைக் கழற்றி வீலின் உள்பக்கத்தைப் பார்க்கும்வரை மூவர் பேச்சையும் கேட்க வேண்டாம். முகப்பில் நீங்கள் கண்ட தழும்புகளுக்கும் இப்போதைய நடுக்கத்துக்கும் காற்றிறக்கத்துக்கும் தொடர்பே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஓரக்கல் உரசல் பெயிண்டையும் மேலோட்டமான உலோகத்தையும்தான் சுரண்டும். நடுக்கத்தையும் கசிவையும் உண்டாக்குவது பெரும்பாலும் பள்ளத்தில் இறங்கி ஏறிய அடி. அந்த அடியை வாங்குவது, காரை நோக்கியிருக்கும் உள்விளிம்பு. வீலின் ஆரக்கால்கள் வெளிப்பக்கத்தை ஒட்டியே ரிம்மைத் தாங்குவதால், உள்விளிம்பு தாங்குவாரின்றி நீட்டிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, ஸ்போர்ட்ஸ் கார்களின் டயர்கள் தட்டையானவை. 225/40 ஆர்18 டயரின் பக்கச்சுவர் உயரம், 225 மில்லிமீட்டர் அகலத்தில் 40 விழுக்காடு, அதாவது 90 மில்லிமீட்டர். சாதாரணக் காரின் 195/65 ஆர்15 டயரில் அது ஏறக்குறைய 127 மில்லிமீட்டர். குறைந்திருக்கும் அந்த உயரம், பள்ளத்தின் விளிம்புக்கும் உலோகத்துக்கும் இடையில் மெத்தையாக இருந்திருக்க வேண்டிய ரப்பரும் காற்றும்தான்.

டயரைக் கழற்றுவதற்கு முன், ரிம்மின் எந்த இடத்தில் டயரின் எந்த இடம் அமர்ந்திருக்கிறது என்பதைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; ரிம்மில் கோட்டம் இருக்கும் இடத்துக்கு நேராக டயருக்குள்ளும் காயம் இருக்கிறதா என்பதை அந்தக் குறி காட்டிக்கொடுக்கும். பிறகு, வெறும் வீலை பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றி, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து, மேலும் கீழுமாக எவ்வளவு துள்ளுகிறது, பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட அளவு அந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பொதுவாக அது ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேலன்சிங் இயந்திரம் பூஜ்யம் காட்டும்வரை ஈயத்தையோ துத்தநாகத்தையோ ஒட்டிக்கொண்டே போகும் கடைகள் உண்டு. அந்த எடைகள் சக்கரத்தின் பாரத்தைச் சமன்படுத்துமே தவிர, கோணிய ரிம்மை வட்டமாக்கமாட்டா. எடைகளை ஒட்டிய பிறகும் அதே வேகத்தில் நடுக்கம் தொடர்கிறதென்றால், சந்தேகம் ரிம்மின் கோட்டத்தின்மீதோ டயரின்மீதோதான் விழ வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். காற்றடைத்த நிலையில், வால்வைச் சுற்றியும், டயரும் ரிம்மும் சேரும் இருபக்க விளிம்புகளிலும், ரிம்மின் உள்சுவர் முழுவதிலும் தடவிப் பாருங்கள். வால்வில் குமிழி வந்தால் செலவு அற்பம். விளிம்பில் வந்தால், அங்கே அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூத்திருக்கலாம். சுத்தம் செய்து டயரை மறுபடி அமர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உள்சுவரில், அதிலும் உள்விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கி ஓடும் மயிரிழைக் கோடு ஒன்றில் குமிழி வந்தால், அது விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்ட, நிறத் திரவத்தைப் பூசித் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. தரமான வீல் பட்டறைகள் இதைச் செய்வார்கள்.

விரிசல் என்று உறுதியானால் அந்த வீலை மாற்றிவிடுங்கள் என்பதே என் பதில். வெல்டிங் செய்பவரின் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. உலோகத்தின் தன்மைதான் இடிக்கிறது. வார்ப்பு அலாய் வீல்களில் பெரும்பாலானவை, ஏறக்குறைய 7 விழுக்காடு சிலிக்கானும் மிகச் சிறிதளவு மக்னீசியமும் கலந்த அலுமினியத்தால் ஆனவை. தொழிற்சாலையில் அவற்றை 540 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்கி, நீரில் சட்டென்று குளிரவைத்து, பின்னர் 150 முதல் 160 டிகிரி வரையிலான சூட்டில் சில மணி நேரம் வைத்திருந்துதான் அவற்றின் வலிமையை வரவழைக்கிறார்கள். வெல்டிங்கில் உலோகம் உருகும்போது, உருகிய இடத்தையும் அதை ஒட்டிய பட்டையையும் பொறுத்தவரை அந்தப் பக்குவம் முழுவதும் கலைந்துபோகிறது. அதை மீட்க வேண்டுமானால் வீல் முழுவதையும் மறுபடி உலையில் பதப்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் வட்டம் கோணும் என்பதால் பட்டறைகளில் யாரும் செய்வதில்லை. ஆகவே, பெயிண்ட் அடித்த பின் பார்வைக்குப் புதிதாகத் தெரியும் அந்த வீலில், அடைத்த தையலுக்குப் பக்கத்தில் மென்மையான பட்டை ஒன்று ஒளிந்திருக்கும். அதிவேகத்தில் வளைவில் திரும்பும் காரின் முன்சக்கரம் அதைச் சோதித்துப் பார்ப்பதற்கான இடமல்ல.

விரிசல் இல்லாமல் கோட்டம் மட்டும் இருந்தால் நிமிர்த்தலாம், சில நிபந்தனைகளுடன். கோட்டம் உள்விளிம்பில் இருக்க வேண்டும். கூர்மையான மடிப்பாக இல்லாமல் அகலமான அலைபோல இருக்க வேண்டும். முன்பு நிமிர்த்திய அதே இடமாக இருக்கக் கூடாது. ஆரக்கால் ரிம்மோடு சேரும் இடத்திலோ ஆரக்காலிலேயோ கோட்டம் இருந்தால் கைவைக்கவே வேண்டாம். சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதை நான் ஏற்கமாட்டேன். வார்ப்பு உலோகம் அந்த அதிர்ச்சியில் விரிசல் விட்டுவிடும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில், வெப்பத்தை அளந்தபடி மிதமாகச் சூடேற்றி, மெதுவாகத் தள்ளுவதே முறை. நிமிர்த்திய பிறகு விரிசல் சோதனையையும் டயல் கேஜ் அளவையும் மீண்டும் செய்து, அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது. ஃபோர்ஜிங் முறையில் அடித்துச் செய்த வீல்கள், வார்ப்பு வீல்களைவிட அதிகம் வளைந்து கொடுத்துத்தான் பிளக்கும் என்பதால் அவற்றை நிமிர்த்துவதில் வெற்றி வாய்ப்பு அதிகம்.

நண்பர் சொன்னதுபோல நான்கையும் மாற்றத் தேவையில்லை. அதே பார்ட் எண் கொண்ட ஒரு வீல் கிடைத்தால் போதும். ஆனால் டயரின் உள்பக்கத்தையும் பாருங்கள். பக்கச்சுவரில் புடைப்பு இருந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. அப்போது ஒரே அச்சில் உள்ள இரண்டு டயர்களையும் சேர்த்து மாற்றுவதுதான் ஒழுங்கு. நான்கு சக்கரமும் இழுக்கும் காராக இருந்தால், முன்பின் டயர்களின் உருளும் சுற்றளவு வேறுபாடு தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ரிம்மை வளைத்த அடி அதோடு நின்றிருக்காது என்பதால், சஸ்பென்ஷன் கை, டை ராடு, வீல் பேரிங் ஆகியவற்றைச் சோதித்த பின்பே அலைன்மென்ட் பாருங்கள்.

கேள்வி: மாற்று வீல் வந்து சேரும்வரை, விரிசல் விட்ட முன்சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டலாமா?

பதில்: கூடாது. பின்னால் போட்டால் ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரியாது. ஆபத்து அப்படியே இருக்கும். மேலும், பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் வீல் முன் வீலைவிட அகலமாக இருப்பதால் மாற்றவே முடியாது. குறுகலான ஸ்பேர் சக்கரம் இருந்தால், அதன்மீது அச்சிட்டிருக்கும் வேக வரம்பை, பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டரை, மீறாமல் குறைந்த தூரம் ஓட்டலாம். ஸ்பேருக்குப் பதிலாக டயர் சீலன்ட் புட்டி மட்டுமே தரும் கார்கள் உண்டு. அந்தத் திரவம் டயரின் தரைபடும் பகுதியில் ஆணி குத்திய ஓட்டைக்கானது, ரிம் விரிசலை அடைக்காது.

கேள்வி: பழைய வீல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தோற்றம் என் காரின் வீலைப் போலவே இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: முகத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஆரக்கால்களின் பின்புறத்தில் 8.5ஜே × 18, ஈடி 50 என்பதுபோலப் பொறித்திருப்பார்கள். முதலாவது அங்குலத்தில் அகலம், அடுத்தது விட்டம், கடைசியில் உள்ளது ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்போடு (காரில் சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) பொருந்தும் பரப்பு எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்பது. ஆஃப்செட் சில மில்லிமீட்டர் மாறினாலே டயர் சஸ்பென்ஷனில் உரசவோ மட்கார்டுக்கு வெளியே தள்ளவோ கூடும். போல்ட் வட்டமும் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) நடுத்துளையும் பொருந்த வேண்டும். நெடுங்காலமாகப் போர்ஷே 911 கார்களில் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் 5 போல்ட்டுகள், நடுத்துளை 71.6 மில்லிமீட்டர். போல்ட்டின் அமர்விடம் உருண்டையா கூம்பா என்பதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். உருண்டை போல்ட்டைக் கூம்புத் துளையில் முறுக்கினால் முறுக்கு சரியாக இருப்பதுபோலத் தோன்றும், தொடுபரப்போ மெல்லிய கோடாகத்தான் இருக்கும். ஓட ஓடத் தளர்ந்துவிடும்.

விற்பவர் அனுப்பும் படங்கள் எல்லாம் முகப்பைக் காட்டுவனவாகவே இருக்கும். உள்சுவரின் படத்தைக் கேளுங்கள். உள்பக்கம் மட்டும் பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்திருந்தாலோ, சாணை பிடித்த வரிகளோ மீன் செதில் போன்ற மேடோ தெரிந்தாலோ, முன்பே வெல்டிங் ஆன வீல் என்று கொள்ளலாம். அசலைப் பார்த்து வார்த்த போலிகளும் சந்தையில் உண்டு. பார்ட் எண்ணும் தயாரிப்பாளர் முத்திரையும் இல்லாத வீலை எவ்வளவு மலிவாக வந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். சுமை தாங்கும் அளவு பொறித்திருந்தால், அதன் இரு மடங்கு உங்கள் காரின் அச்சுச் சுமைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாங்கிப் பொருத்தியபின், முறுக்கு விசையை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: லேத்தில் கடைந்து மினுக்கிய முகப்புள்ள வீலில் ஆழமான சிராய்ப்பு. மறுபடி கடையலாமா, பெயிண்ட் அடித்துவிடலாமா?

பதில்: கடையலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் குறைகிறது, எத்தனை முறை என்பதற்கு எல்லை உண்டு. முந்தைய உரிமையாளர் எத்தனை முறை கடைந்தார் என்பது தெரியாத பழைய காரில், பெயிண்ட் பொடியைத் தூவி உலையில் சூடாக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்கையே நான் தேர்வேன். கடைந்த முகப்பைக் காப்பது தெளிவான வார்னிஷ் படலம் மட்டுமே. அதில் கீறல் விழுந்தால் ஈரம் உள்ளே புகுந்து புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகளைப் பரப்பும். பவுடர் கோட்டிங் உலை பொதுவாக 180 முதல் 200 டிகிரி வரை, அதாவது வீலுக்கு வலிமை தந்த 150 முதல் 160 டிகிரி சூட்டைத் தாண்டி, செல்வதால், அந்த வெப்பத்தில் வீலை நெடுநேரம் விட்டுவைக்கும் பட்டறைக்குக் கொடுக்க வேண்டாம். டயர் அழுத்தமானி சென்சாரை முன்னதாகக் கழற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: வாங்க நினைக்கும் ஸ்போர்ட்ஸ் காரில் நான்கு வீல்களுமே சிராய்ந்திருக்கின்றன. விட்டுவிடலாமா?

பதில்: சிராய்ப்புக்காக விடத் தேவையில்லை. ஓரக்கல்லை ஒட்டி நிறுத்தும் பக்கத்து இரண்டு வீல்களில் மட்டும் உரசல் இருந்தால், அது பார்க்கிங் கவனக்குறைவு. மூன்று பழையதாகவும் ஒன்று புத்தம் புதிதாகவும் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அந்த ஒன்றின் பின்புறத்தில் வார்ப்புத் தேதி இருந்தால் மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். டயரின் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஒரு டயர் மட்டும் வேறு ஆண்டினது என்றால் அந்த மூலையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். சமமான சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது, ஸ்டியரிங்கில் நடுக்கம் வந்தால் முன்சக்கரத்தையும் இருக்கையில் வந்தால் பின்சக்கரத்தையும் முதலில் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். அதன் பிறகு, உங்கள் செலவிலேயே நான்கு வீல்களையும் கழற்றி அளந்து பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுத்தால், ஒரு ஜோடி அசல் வீல், ஒரு ஜோடி டயர், அலைன்மென்ட் ஆகியவற்றின் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.