தோட்டத்துப் புளூபெல்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புளூபெல் என்பது கிழங்கிலிருந்து முளைக்கும் பூச்செடி. லண்டனின் குரோய்டனில் எங்கள் வீட்டுப் பின்தோட்டத்தில் ஏப்ரலில் நீல மணிகளாகப் பூப்பது பிரிட்டனின் நாட்டுப் புளூபெல்லா, ஸ்பானியப் புளூபெல்லா?

பதில்: அன்று விரிந்த பூவின் மகரந்தத்தைப் பாருங்கள். பாலாடை வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் நாட்டினம். நீலமோ பச்சையோ என்றால் ஸ்பானிய இனம் அல்லது இரண்டும் கலந்த கலப்பினம். ஆனால் அந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. நாட்டினத்தின் தண்டு நுனியில் வளைந்து, குழல் போன்ற ஒடுங்கிய பூக்கள் ஒரே பக்கமாகத் தொங்கும். இதழ் நுனிகள் நன்றாகப் பின்சுருண்டிருக்கும். இனிய மணமும் உண்டு. ஸ்பானிய இனம் நிமிர்ந்து நின்று, வாயகன்ற பூக்களைச் சுற்றிலும் தாங்கும். அதன் இலை 3 செ.மீ. வரை அகலமாகும், நாட்டினத்தின் இலையோ அதில் பாதிதான். நகரத் தோட்டங்களில் அதிகம் காணப்படுவது கலப்பினமே.

கேள்வி: ஸ்பானிய இனமோ கலப்பினமோ என்றால், களைக்கொல்லி தெளித்தால் போகுமா?

பதில்: வழவழப்பான இலையில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி சரிவர ஒட்டுவதில்லை. இலை தெரியும் வசந்தத்திலேயே, முள்மண்வெட்டியை ஆழமாக இறக்கி, கிழங்கை மண்ணோடு பெயர்த்தெடுங்கள். இலையைப் பிடித்து இழுத்தால் அது அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். சிறு கிழங்குகள் எஞ்சும் என்பதால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தோண்ட வேண்டியிருக்கும். தோண்டியதை உரக்குவியலில் போடாதீர்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, முற்றிலும் அழுகும்வரை ஓராண்டு வையுங்கள்.

கேள்வி: தேனீக்கள் மொய்க்கும் செடியை ஏன் அழிக்க வேண்டும்? காட்டில்தான் நாட்டினம் ஏராளமாக இருக்கிறதே.

பதில்: பழங்காட்டின் நடுவே கம்பளமாகப் பூத்திருக்கும் நாட்டினம் ஓரிரு ஆண்டில் மறைந்துவிடாது என்பதை ஏற்கிறேன். ஆயினும் அதே தேனீதான் உங்கள் பாத்தியின் மகரந்தத்தைக் காட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே முளைக்கும் கலப்பினமும் வளமான விதை தருவதால், கலந்ததைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. அருகில் காடு இல்லாத தெருவென்றால் செடியை விட்டுவையுங்கள், பூ வாடியதும் விதை முற்றுமுன் தண்டை நறுக்கிவிடுங்கள்.

கேள்வி: என் படத்தைப் பார்த்து எந்த இனம் என்று சொல்ல முடியுமா?

பதில்: மகரந்தமே தெரியவில்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தோண்டிய கிழங்குகளை வீட்டருகே உள்ள காட்டில் நட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. கறுப்புப் பை என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: நாட்டினக் கிழங்கு எங்கே வாங்குவது?

பதில்: நாற்றங்காலில் வளர்த்ததென்று உறுதி தரும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள், காட்டில் தோண்டியதை விற்பது 1998 முதல் சட்டவிரோதம். கிழங்கு சின்ன வெங்காயத்தைப் போலவே இருக்கும், ஆனால் நஞ்சு. சமையலறையில் வைக்காதீர்கள்.