ஜப்பானுக்கு ஆன்சைட் போகிறேன். ஏர்சாஃப்ட் ஷாட்கன் வாங்கலாமா?

கேட்டவர் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறார். அடுத்த மாதம் இரண்டு வருடத்துக்கு டோக்கியோ போகிறார். அங்கே விளையாட ஒரு ஏர்சாஃப்ட் ஷாட்கன் (காற்று அல்லது காஸ் அழுத்தத்தில் பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) வாங்கலாமா, எந்த வகை நல்லது, திரும்பும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடியுமா என்பது கேள்வி. வாங்கலாம், தாராளமாக. கொண்டுவருவதை மட்டும் மறந்துவிடுங்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நானும் இதே பெங்களூரின் ஹலசூரிலிருந்து இதே மாதிரி ஆன்சைட் போனவன்தான். அதுவரை எனக்குத் தெரிந்த துப்பாக்கி இரண்டு: தீபாவளிக்கு ரோல் கேப் போட்டு வெடிப்பது, திருவிழாவில் பலூன் சுடுவது. ஆபீஸில் தென்காசித் தம்பி ஒருவன், "அண்ணே, ஞாயித்துக்கிழமை சும்மாத்தானே இருக்கீங்க, வாங்க" என்று டோக்கியோவை அடுத்த சிபா பக்கம் ஒரு காட்டு மைதானத்துக்கு இழுத்துப் போனான். சர்வைவல் கேம் என்பதைச் சுருக்கி ஜப்பானியர்கள் 'சபகே' என்கிறார்கள். வெள்ளைப் பட்டாணி அளவில் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு. மேலே பட்டால் நாமே "ஹிட்!" என்று கத்திவிட்டு வெளியேற வேண்டும். நடுவர் பார்த்துச் சொல்வதில்லை, முழுக்க மனசாட்சி. பட்டும் படாதமாதிரி ஓடுகிறவனுக்கு அங்கே 'ஜாம்பி' என்று பெயர்.

ஷாட்கன் எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே அழுத்தலில் மூன்று குண்டு போகும். ஒரு குண்டு ஜாக்கெட் மடிப்பில் பட்டால் தெரியாமல் போகலாம். மூன்றும் சேர்ந்து விழும்போது யாரும் ஜாம்பி ஆக முடியாது.

முதலில் நான் வாங்கியது டோக்கியோ மாருய் நிறுவனத்தின் எம்3 சூப்பர் 90, ஸ்பிரிங் வகை. உள்ளே மூன்று சிலிண்டர், மூன்று குழல். முன்பிடியை ஒருமுறை பின்னுக்கு இழுத்தால் மூன்றும் சேர்ந்து இறுகும். காஸ் வேண்டாம், பேட்டரி வேண்டாம், மழையோ பனியோ கவலை இல்லை. தோட்டா வடிவிலேயே இருக்கும் ஷெல்லுக்குள் 30 குண்டு, அதாவது 10 தடவை சுடலாம். இழுத்துவிடும்போது வரும் அந்தச் 'சடக் சடக்' சத்தத்துக்காகவே பாதிப் பேர் வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

சிரமமும் அதே இழுப்பில்தான். தெருமுனை அடிபம்பில் குடம் குடமாக அடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். காலையில் ஜாலியாக இருக்கும். மதியத்துக்குமேல் தோள் கழன்றுவிடும். படுத்துக்கொண்டு இழுப்பது அதைவிடக் கொடுமை. எதிரில் எலக்ட்ரிக் ரைபிள்காரன் விரலை எடுக்காமல் பொழிந்துகொண்டிருப்பான், நாம் அடிபம்பு அடித்துக்கொண்டிருப்போம்.

தூரமும் குறைவு. குண்டுக்குப் பின்சுழற்சி கொடுத்து மிதக்கவைக்கும் 'ஹாப்' அமைப்பு இதில் நிலையானது, திருகி மாற்ற முடியாது. 0.20 கிராம் குண்டோடு ஒழுங்காகப் போகிறது. கனமான குண்டு போட்டால் சீக்கிரமே தலை கவிழ்கிறது. 30 மீட்டருக்குள் இருப்பவனை நம்பிச் சுடலாம், அதற்குமேல் அதிர்ஷ்டம். ஆகவே கட்டடத்துக்குள், புதர் அடர்ந்த இடத்தில், மூலை திரும்பும் இடத்தில் இது ராஜா. வெட்டவெளியில் வெறும் பார்வையாளர்.

இரண்டாவதாகத் தம்பியின் எம்870 டாக்டிகலைக் கடன் வாங்கி ஆடினேன். காஸ் வகை. தோளில் வைக்கும் அடிக்கட்டைக்குள் காஸ் தொட்டி, மூன்று குண்டா ஆறு குண்டா என்று மாற்றிக்கொள்ளலாம், பம்ப் வெண்ணெய் மாதிரி நகர்கிறது. ஆஹா, இதையல்லவா வாங்கியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஜனவரி வந்தது. குளிரில் காஸ் அழுத்தம் இறங்கி, குண்டு துப்பின மாதிரி காலடியில் விழுந்தது. தம்பி காஸ் துப்பாக்கியை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தான். விலையும் ஸ்பிரிங் வகையைவிட வெகுவாகக் கூடுதல், காஸ் டப்பாவின் செலவு தனி.

சுடச்சுட ஷெல் வெளியே தெறித்து விழும் வகையும் உண்டு. பார்க்க அழகு. ஆட்டம் முடிந்ததும் இலைச்சருகில் குனிந்து ஷெல் பொறுக்க வேண்டும், விளக்குமாறு ஒன்றுதான் குறை. ஏஏ-12 போன்ற எலக்ட்ரிக் ஷாட்கன் மும்மூன்றாகத் தொடர்ந்து பொழியும்; கனம், விலை இரண்டும் முதல் துப்பாக்கிக்கு ஆகாது.

என் தேர்வு ஸ்பிரிங்தான். அதற்கும் முன்னால், மைதானத்தில் வாடகைக்கு எடுத்து இரண்டு ஞாயிறு ஆடிப்பாருங்கள். கண்ணை முழுக்க மூடும் காகிள்ஸுக்கும் வாய்க்கவசத்துக்கும் துப்பாக்கிக்கு முன்பே காசு ஒதுக்குங்கள். எனக்கு வாய்க்கவசம் இல்லாத முதல் நாளிலேயே உதடு கிழிந்தது, பல் தப்பியது. திறந்தவெளி மைதானங்கள் பலவற்றில் மண்ணில் மக்கும் குண்டு மட்டும்தான் அனுமதி, அதைப் பார்த்து வாங்குங்கள். ரயிலில் கொண்டுபோகும்போது உறைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஜப்பானில் 6 மி.மீ. குண்டின் சக்திக்குச் சட்ட வரம்பு சுமார் 0.98 ஜூல், ஆட்டத்துக்கு முன் வேகம் அளந்து பார்ப்பார்கள். ஆகவே சக்தி கூட்டுகிறேன் என்று உள்ளே ஸ்பிரிங் மாற்றி விளையாடாதீர்கள்.

இப்போது பெங்களூர் விஷயம். நம் நாட்டில் 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ., சக்தி 20 ஜூல் என்ற வரம்புக்குள் இருக்கிற ஏர்கன்னுக்குத்தான் உரிமம் தேவையில்லை. இதன் சக்தி 1 ஜூல்கூட இல்லை, ஆனால் குழல் 6 மி.மீ., அங்கேயே இடிக்கிறது. காஸ் டப்பா விமானத்தில் ஏறாது. கைப்பையில் பொம்மைத் துப்பாக்கிகூட ஏறாது. எல்லாம் தாண்டி வந்தாலும், நிஜத் துப்பாக்கி மாதிரியே இருப்பதை அபார்ட்மென்ட் லிஃப்டில் தூக்கிப்போனால் செக்யூரிட்டி அண்ணன் என்ன செய்வார்? இங்கே துப்பாக்கி ஆட்டம் வேண்டுமென்றால் நகரத்துக்கு வெளியே சாயக்குண்டு சுடும் பெயின்ட்பால் போய்க்கொள்ளுங்கள், நானும் அதைத்தான் செய்கிறேன்.

திரும்புவதற்கு இரண்டு மாதம் முன்பே விற்றுவிடுங்கள். டோக்கியோவின் அகிஹபாரா கடைவீதியில் பழையதை எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. அட்டைப்பெட்டியும் கையேடும் இருந்தால் நல்ல விலை கிடைக்கும், வாங்கிய அன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன்; கடைசியில் தென்காசித் தம்பிக்கு ஒரு வேளை ராமென் விலைக்குத்தான் கொடுக்க முடிந்தது.