கடன் என் பெயரில், பணம் மாமாவிடம்

கேள்வி: வயது 25. கோவையில் மென்பொருள் சோதனைப் பணி. கைக்கு வருவது 46,000 ரூபாய். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எம்.டெக். கிரிப்டாலஜி அண்டு செக்யூரிட்டி (தகவலை ரகசியக் குறியீடாக்கிப் பாதுகாக்கும் துறை) படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஆனால் தாய்மாமாவின் தொழிலுக்காக என் பெயரில் 14 சதவீத வட்டிக்கு 6 லட்சம் தனிநபர் கடன் எடுத்தேன். தவணை 16,400, இன்னும் 30 மாதம். கட்டிய 18 தவணைகளில் மாமா தந்தது நான்குதான். இப்போது அதே கடனின் மேல் இன்னும் 2 லட்சம் டாப்-அப் (கூடுதல் கடன்) வாங்கித் தரக் கேட்கிறார். ‘கிரிப்டோ படிக்கப் போகிறவள்தானே, பி.எஃப். பணத்தை எடுத்து அதிலேயே போடு’ என்கிறார். சேமிப்பு 3.2 லட்சம். வேலையை விடலாமா?
- வாசகி, கோவை

பதில்: விடலாம். என் கவலை படிப்பைப் பற்றியதல்ல, மாமா நீட்டும் இடத்தில் எல்லாம் நீங்கள் போடும் கையெழுத்தைப் பற்றியது.

அசலில் இன்னும் சுமார் 4.13 லட்சம் பாக்கி. விடுதி, சாப்பாடு, இதர செலவு 8,000 என்று வைத்தால் உதவித்தொகையில் மிஞ்சுவது 4,400. தவணைக்கு மாதம் 12,000 துண்டு விழும். இரண்டு ஆண்டில் 2.88 லட்சம், ஏறக்குறைய உங்கள் சேமிப்பு முழுவதும். டாப்-அப் வாங்கினால் இரண்டாம் ஆண்டு பாதியிலேயே ஊர் திரும்ப வேண்டியதுதான்.

சேமிப்பிலிருந்து 2.5 லட்சத்தை இப்போதே அசலில் கட்டி, காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைக்கச் சொல்லுங்கள். தவணை 6,500க்கு இறங்கும். துண்டு மாதம் 2,100. கையில் நிற்கும் 70,000 அதைத் தாங்கும். முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி எவ்வளவு பிடிக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயத்தில் போடும் யோசனைக்கு என்ன சொல்வது! பகா எண்களைப் பெருக்கித் தகவலுக்குப் பூட்டுச் செய்யத் தெரிந்தவருக்கு பிட்காயினின் நாளைய விலை தெரிந்துவிடுமா? லாபம் வந்தால் 30 சதவீத வரி. நஷ்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. ஐந்து ஆண்டு பணி முடியாமல் எடுத்தால் பி.எஃப். பணத்துக்கும் வரி உண்டு. அது கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

மாமாவிடம் இந்த வாரமே பேசுங்கள், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. டாப்-அப் கிடையாது, இனி மாதம் 6,500 அவர் உங்கள் கணக்கில் போட வேண்டும். போட்டால் நல்லது, போடாவிட்டாலும் படிப்பு நிற்காது.