வெள்ளோட்டத்தில் எழுந்து போனவர்

அன்புள்ள சார்,

லண்டனுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மென்பொருள் வேலை. ஊரில் இருந்தபோதிலிருந்தே உங்களைப் படிக்கிறேன். லண்டன் பப் தியேட்டர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போன ஜூலையில் இஸ்லிங்டன் பக்கம் ஒன்றுக்குப் போனேன். கீழே பப், மாடியில் ஐம்பது பேர் உட்காரக்கூடிய அறை. அன்றைக்கு நாங்கள் பதினோரு பேர். டிக்கெட் எட்டு பவுண்டு.

காமெடி நிகழ்ச்சி. மேடைக்கு வந்த பெண் கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார். பாதி ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காவிட்டால் "இது வேண்டாம்" என்று எங்கள் கண்ணெதிரே பேனாவால் அடித்துவிட்டு அடுத்ததுக்குத் தாவினார். இருபது நிமிடம் பொறுத்தேன். பிறகு எழுந்துவிட்டேன். கதவு மேடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் கடக்கும்போது அவர் பேச்சை நிறுத்தி, என்னைப் பார்த்து, நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். அறையே சிரித்தது. அன்றைக்கு விழுந்த பெரிய சிரிப்பு அதுதான். படி இறங்கும்வரை காதில் கேட்டது.

என் கேள்விகள்: முடிக்காத ஒன்றைக் காட்டிக் காசு வாங்குவது நியாயமா? பார்க்க வந்தவரை அவமானப்படுத்தலாமா? குடிக்கிற இடத்தில் நாடகம் போடுவது கலைக்கு மரியாதையா? நம்பிப் போகக்கூடிய நல்ல பப் தியேட்டர்கள் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். மாடிப்படியில் நீங்கள் கூனிக் குறுகி இறங்கியது கண்ணில் தெரிந்தது. நானும் இறங்கியிருக்கிறேன், வேறு படிகளில். ஆனால் இரண்டாம் முறை படித்தபோது கோபம் வந்தது. அதற்குக் காரணம் முழுக்க நீங்கள் இல்லை. போன மாதம் ஒரு கதையின் முதல் பிரதியை நண்பர்கள் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் ஒருவர் எழுந்து போன் பேசப் போனார், திரும்பி வரவே இல்லை. அவரைத் திட்ட முடியாது, பழைய நண்பர். நீங்கள் சிக்கிக்கொண்டீர்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். பட்டியல் கிடையாது. பட்டியல் கேட்கிறவர்கள் ஏமாறாமல் இருக்க ஆசைப்படுகிறவர்கள். ஏமாறாமல் இருக்க வேண்டுமென்றால் லண்டனின் பெரிய அரங்குகள் இருக்கிற வெஸ்ட் எண்டில் நூறு பவுண்டு கொடுத்து ஒரு மியூசிக்கல் பாருங்கள், குறை வைக்க மாட்டார்கள்.

அவமானம்? அந்தப் பெண் உங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

குடிக்கிற இடத்தில் நாடகமா என்று கேட்டீர்கள். இது உங்களுக்கு மட்டும் வந்த சந்தேகமல்ல, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே வந்தது. 1843இல் சட்டமே போட்டார்கள். நாடக உரிமம் வேண்டுமென்றால் அரங்குக்குள் குடியும் புகையும் கூடாது. குடிதான் முக்கியமென்றால் நாடகம் கூடாது, பாட்டும் வேடிக்கையும் வைத்துக்கொள். பப்புகள் குடியைத் தேர்ந்தெடுத்தன. அந்தப் பின்னறைகள் வளர்ந்துதான் மியூசிக் ஹால் வந்தது. பப்புக்கு நாடகம் திரும்பி வர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1970இல் டான் கிராஃபோர்டு என்ற அமெரிக்கர் இஸ்லிங்டனில் கிங்ஸ் ஹெட் பப்பின் பின்னறையில் நாடகம் போட ஆரம்பித்தார். ஷேக்ஸ்பியர் காலத்துக்குப் பிறகு லண்டனின் முதல் பப் தியேட்டர் என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மனிதர் கொஞ்சம் கிறுக்கு. 1971இல் நாடே புதிய காசுக்கு மாறியபோது அவர் மாறவில்லை. பல வருடம் அந்த பாரில் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் என்று பழைய கணக்கிலேயே விலை சொன்னார்கள். 2005இல் இறந்துபோனார். 2023இல் அந்தப் பின்னறையை மூடி, அடுத்த வருடம் பக்கத்திலேயே புதிய அரங்குக்குப் போய்விட்டார்கள். சரி, இது போதும். குடிக்காவிட்டால் எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு மேலே போங்கள். ஆனால் ஏதாவது வாங்குங்கள். கீழே கல்லா நிறைந்தால்தான் மேலே விளக்கு எரியும்.

இனி உங்கள் முதல் கேள்வி. முடிக்காத ஒன்றுக்குக் காசு வாங்கலாமா?

நீங்கள் அங்கே போனது ஜூலையில். அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஃபிரின்ஜ் விழா. ஃபிரின்ஜ் என்றால் ஓரம். 1947இல் அங்கே பெரிய கலைவிழா தொடங்கியபோது அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் போய் ஓரமாக இடம் பிடித்து நடித்தன. அந்த ஓரம்தான் வளர்ந்து இன்றைக்கு விழாவை விடப் பெரிதாக நிற்கிறது. பிரிட்டனில் பாதிக் காமெடியன்களின் வருடம் ஆகஸ்டை நோக்கித்தான் ஓடும். ஒரு மணி நேர நிகழ்ச்சி, தினமும் ஒரு முறை, ஏறத்தாழ மாதம் முழுக்க. அதற்கு முன் ஜூனிலும் ஜூலையிலும் லண்டன் பப் மாடிகளில் அந்த ஒரு மணி நேரத்தைச் சமைப்பார்கள். அறிவிப்பிலேயே 'ஒர்க் இன் பிராக்ரஸ்' என்று போட்டிருக்கும். சில இடத்தில் சுருக்கமாக டபிள்யூ.ஐ.பி. நீங்கள் மென்பொருள்காரர், உங்களுக்கா இது புரியாது? பாதி வெந்ததை வாடிக்கையாளர் தலையில் கட்டி, "பிழை இருந்தால் சொல்லுங்கள்" என்று வருடம் முழுக்கச் சம்பளம் வாங்குகிற தொழிலில் இருந்துகொண்டு, எட்டு பவுண்டு வாங்கின பெண்ணிடம் நியாயம் கேட்கிறீர்கள். பதினோரு பேர், எண்பத்தெட்டு பவுண்டு. அரங்குக்குப் பாதி போனால் அவர் கையில் நாற்பத்து நாலு. அதில் ஆகஸ்டில் எடின்பரோவில் ஒரு படுக்கை தேட வேண்டும்.

காசை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

நமக்கு இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்பே ஒரு நாள் தெருவில் இழுத்துப் பார்ப்பார்கள். உள்ளே உற்சவர் இருக்க மாட்டார். ஆனால் வடம் அதே வடம், வீதி அதே வீதி. ஊரே வந்து இழுக்கும். எந்த முக்கில் அச்சு திணறுகிறது, எங்கே முட்டுக்கட்டை சரியாக விழவில்லை, எந்த வீட்டுத் தாழ்வாரம் இடிக்கிறது, எல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். தச்சர் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. தேரை எத்தனை முறை சுற்றி வந்தாலும் தெரியாது. சாமி இல்லாத தேரை எதற்கு இழுப்பது என்று வடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன ஒருவரை நான் கண்டதில்லை. இப்போது கண்டுவிட்டேன்.

நான் ஒரு கதையைத் தனியாக எழுதி, தனியாக அடித்து, தனியாகத் திருத்தலாம். ஜோக்கை அப்படிச் செய்ய முடியாது. அது எழுதும்போது பாதிதான் இருக்கிறது; மீதி எதிரே உட்கார்ந்திருப்பவரிடம். ஒரு சொல்லை வாக்கியத்தின் நடுவிலிருந்து கடைசிக்கு நகர்த்தினால் சிரிப்பு வருகிறது. மேசை முன்னால் உட்கார்ந்து யோசித்தால் அது பிடிபடாது. அதனால்தான் நோட்டு. பலர் போனில் ஒலிப்பதிவு ஓடவிட்டு, இரவு ரயிலில் போகும்போது எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். இருமல்கூடத் தகவல்தான். உங்கள் கண்ணெதிரே ஒருவர் தன் வரியை அடித்தார் என்று குறை சொல்கிறீர்கள். எழுத்தாளன் எவனும் அதை உங்களுக்குக் காட்ட மாட்டான். அடித்ததையெல்லாம் ஒளித்துவிட்டு, அப்படியே பிறந்தது போலக் காட்டுவான். நானும்தான்.

இன்னொன்று தெரியுமா? இந்த முடிக்காத தன்மை அந்த நாட்டில் குற்றமாக இருந்தது. நாடகப் பிரதியை முன்கூட்டியே அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லின் அலுவலகத்துக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். வாங்கிய பிரதியைத் தாண்டிப் பேசக் கூடாது. கிழக்கு லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஜோன் லிட்டில்வுட் என்ற இயக்குநரின் குழு கட்டடத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு நாடகம் போட்டது. நடிகர்கள் இரவுக்கு இரவு வசனத்தை வளர்த்துக்கொண்டே போனார்கள். 1958இல் வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். சர்ச்சில் குரலில் ஒருவர் பேசியதும் குற்றச்சாட்டில் இருந்தது. சின்னத் தொகைதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: நேற்று சொல்லாததை இன்று மேடையில் சொன்னதற்கு நீதிமன்றம். 1968இல்தான் அந்தத் தணிக்கை ஒழிந்தது. கிராஃபோர்டு பின்னறையைத் திறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. உங்கள் காமெடிப் பெண் பேனாவை எடுத்து அடித்தாரே, அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பெரிய வெற்றிக் கதை சொல்லி உங்களை இழுக்கலாம். இஸ்லிங்டனிலேயே ஓல்ட் ரெட் லயன் பப் மாடியில் 2012 டிசம்பரில் ஒரு குழு, எல்லாமே தவறாகப் போகிற ஒரு நாடகத்தைப் போட்டது. 2014இல் அது வெஸ்ட் எண்டில் டச்செஸ் அரங்குக்குப் போயிற்று, பிறகு நியூயார்க்கின் பிராட்வேக்கும் போயிற்று. ஆனால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குப் பிடிக்காது. லாட்டரிச் சீட்டு விற்பது மாதிரி இருக்கிறது. அந்த மாடிகளில் நடக்கிற பெரும்பாலானவை எங்கேயும் போவதில்லை. மூன்று வாரம் ஓடும், தட்டிகளைக் கழற்றி வேனில் ஏற்றுவார்கள், முடிந்தது. நான் அந்த முடிந்துபோனவைகளின் ரசிகன்.

அப்படி ஒன்று சொல்கிறேன். பல வருடம் முன்பு, குளிர்காலம். ஈஸ்ட் ஹாமில் தங்கை வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். மாப்பிள்ளையும் தங்கையும் வேலைக்குப் போய்விடுவார்கள். மாலையில் கால் போன போக்கில் சுற்றுவேன். ஒரு புதன்கிழமை வடக்கு லண்டனில் ஒரு பப் மாடிக்கு ஏறினேன். இரண்டு அண்ணன் தம்பி, சாகக் கிடக்கிற அம்மா. மூன்று பேர் நடிக்கிற நாடகம். டிக்கெட் கிழித்த பெண்ணே பிறகு விளக்குப் பலகையிலும் உட்கார்ந்தாள். நாடகம் தொடங்கும் முன் ஹீட்டரை அணைத்தாள், அது சத்தம் போடுமாம். பார்க்க வந்தது நானும் ஒரு வயதான அம்மாளும். அவர் மடியில் காய்கறிப் பை.

நடிகர்களை விட ஆள் குறைவாக வந்தால் நிறுத்திவிடலாம் என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. மூத்தவராக நடித்தவர் வேடத்தோடு வெளியே வந்து, "நாங்கள் மூன்று, நீங்கள் இரண்டு, என்ன செய்யலாம்?" என்றார். அந்த அம்மாள், "இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன்" என்றார். விளக்குப் பெண் கீழே ஓடி பார்க்காரரை அழைத்து வந்தாள். தோளில் கிளாஸ் துடைக்கிற துண்டு, முகத்தில் கொஞ்சமும் விருப்பமில்லை. கீழே கால்பந்து மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்றுக்கு மூன்று.

அம்மா சாகிற கட்டம். தம்பி கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். கீழே கோல் விழுந்தது. தரை அதிர்ந்தது. பார்க்காரர் பாதி எழுந்துவிட்டார். எங்கள் முகத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்தார். தம்பியாக நடித்த பையன் என்ன செய்தான் என்றால், ஒன்றும் செய்யவில்லை. கையை விடாமல், வாயைத் திறந்தபடி, கீழே கூச்சல் அடங்கும்வரை காத்திருந்தான். நெடுநேரம். கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, யாரோ ஒருவன் மட்டும் தனியாகப் பாடி, அதுவும் நின்றது. பிறகு, "அம்மா, தூக்கமா?" என்றான். வயதான அம்மாள் காய்கறிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த வாரம் மறுபடி போனேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மேட்ச் கிடையாது, கீழே சத்தமே இல்லை. அந்தக் கட்டம் வந்தது. பையன் கையைப் பிடித்தான், வாயெடுத்தான், நிறுத்தினான். போன வாரம் காத்திருந்த அதே அளவு காத்திருந்தான். எனக்கு மட்டும் அந்தக் கோல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், கடைசி பெஞ்சு அருகில் துண்டோடு அந்த பார்க்காரர் நின்றுகொண்டிருந்தார். இந்த முறை யாரும் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் க., எழுந்து போனதுதான் என் வருத்தம். ஜோக்குக்குச் சிரிக்காதது தவறே இல்லை. சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் அவருக்கு வேலை நடந்திருக்கும். பதினோரு பேரில் ஒருவர் குறைந்தால் ஆயிரம் பேர் அரங்கில் தொண்ணூறு பேர் எழுந்து போன மாதிரி. உங்களுக்கே தெரியும், அதனால்தான் படியில் காது சூடானது.

அந்த நோட்டில் என்ன எழுதினார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெறுமனே கிறுக்கிவிட்டு மூடியிருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான் விழுந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். தொழில் தெரிந்தவர் அதை விடமாட்டார். அந்த ஆகஸ்டில் எடின்பரோவில் ஏதோ ஒரு அறையில், இருபதாவது நிமிடம் வாக்கில், ஒருவர் எழுந்து கதவைத் தேடுகிற கதை தினமும் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வருகிற ஜூனில் போங்கள். இரண்டாவது வரிசையில், கதவுக்கு எதிர்ப்பக்கம்.

அன்புடன்.