மார்னர் இல்லாத மேப்பிள் லீஃப்ஸ்: 2025-26 சீசனில் பவர் ப்ளே எப்படி இருக்கும்?

2025-26 சீசன் தொடங்குவதற்கு முன் இதை எழுதுகிறேன். கேள்வி இதுதான்: மிட்ச் மார்னர் வேகாஸ் கோல்டன் நைட்ஸ் அணிக்குப் போன பிறகு, வரும் சீசனில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் பவர் ப்ளேயிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம்?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். போன சீசனில் (2024-25) எடுத்த 24.8 சதவீதம் இந்தத் தடவை வராது. 20 முதல் 22 சதவீதத்துக்குள் முடித்தால் நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அக்டோபரும் நவம்பரும் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். மார்னர் கொடுத்த பாஸ்கள் இனி இல்லையே என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்குப் பெரிய கவலை அது இல்லை. எதிரணி வெளியே அடிக்கப் பார்க்கும் பக்கை (ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக இருக்கும் வட்டு) ப்ளூ லைனிலேயே (தாக்கும் பகுதியின் எல்லைக்கோடு) மடக்கி நிறுத்த இனி யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

கிரிக்கெட் பவர் ப்ளே மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு விளக்கம். ஐஸ் ஹாக்கியில் ஒருவர் தவறு செய்தால் 2 நிமிடம் பெனால்டி பெட்டியில் போய் உட்கார வேண்டும். அந்த நேரத்தில், கோல் காப்பாளரைச் சேர்க்காமல், இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் நான்கு பேர். ஐந்து பேர் இருக்கும் அணிக்கு அது பவர் ப்ளே. கோல் விழுந்துவிட்டால் சாதாரண பெனால்டி அத்தோடு முடிந்துவிடும். எத்தனை வாய்ப்பில் எத்தனை கோல் என்பதுதான் அந்தச் சதவீதம். இப்போது என்எச்எல் லீக் சராசரி 21 சதவீதத்தைச் சுற்றி இருக்கிறது.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. 2005-06இல் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 6 பவர் ப்ளே கிடைத்தது. இப்போது 3கூடக் கிடைப்பதில்லை. ஆட்டத்துக்கு 2.7 என்று வைத்தால், 82 ஆட்டத்துக்குச் சுமார் 220 வாய்ப்பு. 25 சதவீதம் என்றால் 55 கோல், 20 சதவீதம் என்றால் 44. ஆக வித்தியாசம் 11 கோல். ஆறு கோலுக்கு ஒரு வெற்றி, அதாவது இரண்டு புள்ளி, என்று ஹாக்கியில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி பார்த்தால் பவர் ப்ளே நன்றாகவே சரிந்தாலும் சீசன் முழுவதற்கும் சேர்த்து நான்கு புள்ளிக்குள்தான் அடி விழும். போன வருடம் 108 புள்ளி எடுத்து அட்லாண்டிக் டிவிஷனில் முதலிடம் பிடித்த அணி இது. அதனால் பவர் ப்ளே இறங்கினால் சீசனே போச்சு என்று பயப்பட வேண்டியதில்லை. சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் தொடர்கள் வேறு கதை. அங்கே பெரும்பாலும் 2-1, 3-2 என்றுதான் ஆட்டங்கள் முடியும். ஒரே ஒரு பவர் ப்ளே கோல் ஒரு தொடரையே மாற்றிவிடும்.

இதை டொராண்டோ ரசிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021-22இல் 27.3 சதவீதத்துடன் லீகிலேயே முதலிடம். அடுத்த சீசனில் 26 சதவீதம், எட்மண்டனுக்கு அடுத்த இடம். அந்த இரண்டு வருடமும் பவர் ப்ளேயைப் பார்த்துக்கொண்ட ஸ்பென்சர் கார்பெரி 2023இல் வாஷிங்டனுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். 2025இல் லீகின் சிறந்த பயிற்சியாளர் விருதும் அவருக்குத்தான். அவர் போன அடுத்த சீசன், கீ பூஷே பொறுப்பில், 24 சதவீதம். குறைசொல்ல முடியாத எண். ஆனால் 2024 பிளேஆஃபில் பாஸ்டனுக்கு எதிராக 21 வாய்ப்பில் ஒரே ஒரு கோல். அதிகக் கோல் போடும் இருவரில் வில்லியம் நைலேண்டர் முதல் மூன்று ஆட்டம் ஆடவில்லை, ஆஸ்டன் மேத்யூஸ் ஐந்தாவதும் ஆறாவதும் ஆடவில்லை, அது உண்மைதான். மார்னர் ஏழு ஆட்டமும் ஆடினார். ஏழாவது ஆட்டத்தை ஓவர்டைமில் 2-1 என்று தோற்றோம். இரண்டு கோல் கூடுதலாகப் போட்டிருந்தால் அந்தத் தொடர் நம்முடையது. ஆகவே மார்னர் இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, போன சீசனுக்கு வருவோம். க்ரெய்க் பெரூபி தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது பவர் ப்ளேக்கு மார்க் சவார்டைக் கூட்டி வந்தார். சவார்ட் பாஸ்டனில் ஆடிய காலத்தில் அருமையாகப் பாஸ் கொடுப்பவர். எல்லா அணிகளுக்கும் சேர்த்து 807 ஆட்டத்தில் 706 புள்ளி (ஓர் ஆட்டக்காரரின் புள்ளி என்பது கோலும், கோலுக்கு வழிசெய்த அசிஸ்ட்டும் சேர்ந்தது). தலையில் பட்ட அடிகளால் சீக்கிரமே ஆட்டத்தை விட வேண்டியதாகிவிட்டது. அவர் பொறுப்பேற்ற முதல் மாதம் லீஃப்ஸ் பவர் ப்ளே ரொம்பவே திணறியது. சீசன் நடுவில்தான் டிஃபென்ஸ்மேனை முதல் யூனிட்டிலிருந்து (பவர் ப்ளேயில் முதலில் இறங்கும் ஐவர்) எடுத்துவிட்டு ஐந்து ஃபார்வர்டுகளை இறக்கினார்கள். மேலே, ப்ளூ லைன் பக்கம், மார்னர். கோலுக்கு இரு பக்கமும் ஐஸில் வரைந்திருக்கும் வட்டங்களில் மேத்யூஸும் நைலேண்டரும். நடுவில் டவாரெஸ். கோலி (கோல் காப்பாளர்) முன்னால் மேத்யூ நைஸ். ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறிக்கொள்வார்கள், ஆனால் அடிப்படை இதுதான். அதற்குப் பிறகு எண்கள் மளமளவென்று ஏறின, சீசனை முதல் பத்துக்குள் முடித்தார்கள். ஒட்டாவாவுக்கு எதிரான முதல் பிளேஆஃப் ஆட்டத்தை 6-2 என்று ஜெயித்தபோது இந்த யூனிட் ஆடிய ஆட்டம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நான் டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். இங்கே தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் லீஃப்ஸ் பைத்தியம். மார்னர் போன செய்தி வந்ததும் என் அண்ணன் மகன் கேட்ட முதல் கேள்வி: “சித்தப்பா, இனி மேல ஆர் நிக்கிறது?” பன்னிரண்டு வயதுப் பிள்ளை, சரியான இடத்தில் கை வைத்துவிட்டான்.

மேலே நிற்பவர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தடுக்கும் நான்கு பேருக்குப் பக் கையில் கிடைத்தால் ஒரே வேலைதான், முழு பலத்தோடு ஐஸின் மறுமுனைக்கு அடித்துவிடுவது. மற்ற நேரத்தில் அப்படி அடித்தால் ஐசிங் என்ற தவறு, பெனால்டி நேரத்தில் அது ஐசிங் ஆகாது. பக் அங்கே போனால், திரும்ப எடுத்து வந்து ப்ளூ லைனைத் தாண்டி, ஐந்து பேரும் இடம் பிடிக்க 15 முதல் 20 விநாடி போய்விடும். மூன்று தடவை அப்படி அடித்தால் 2 நிமிடத்தில் பாதி காலி. மார்னர் இங்கேதான் வித்தியாசமானவர். இடுப்பு உயரத்தில் பறந்து வரும் பக்கைக் கையால் தட்டி, ஸ்டிக்கால் இறக்கி, காலை லைனுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டு, எதிராளி நிமிர்ந்து பார்ப்பதற்குள் நைலேண்டரிடம் கொடுத்துவிடுவார். ஸ்கோர் ஷீட்டில் இது எங்கேயும் ஏறாது. போன சீசனில் அவர் எடுத்த 75 அசிஸ்ட்டை எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு இந்த வேலைதான் பெரிது.

இன்னொன்றும் உண்டு. ஐந்து ஃபார்வர்டு என்பது ஆபத்தான ஏற்பாடு. பக்கைத் தொலைத்தால் பின்னால் டிஃபென்ஸ்மேன் யாரும் இல்லை, எதிரணி நேராகக் கோலியிடம் போய்விடும். அது டொராண்டோவில் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் மார்னர் பெனால்டி கில்லிலும் (ஓர் ஆள் குறைவாக நின்று தடுப்பது) ஆடியவர் என்பதுதான். பின்பக்கமாக ஸ்கேட் பண்ணி இரண்டு பேரைச் சமாளிக்கத் தெரிந்த ஃபார்வர்டு அவர். ஐந்து ஃபார்வர்டு வெற்றி பெற்றது என்று சொல்வதைவிட, மார்னரை டிஃபென்ஸ்மேன் மாதிரி வைத்தது வெற்றி பெற்றது என்று சொல்வதுதான் சரி. இதைக் கவனிக்காமல் அதே இடத்தில் இன்னொரு ஃபார்வர்டைச் செருகினால் ஷார்ட்-ஹேண்டட் கோல்கள் (ஆள் குறைவான அணி போடும் கோல்) வாங்குவோம். புதிதாக வந்திருக்கும் மத்தியாஸ் மச்செல்லி நல்ல பாஸர். 2023-24இல் அரிசோனாவில் 57 புள்ளி எடுத்தவர், போன சீசன் யூட்டாவில் 18தான். அவரை மேலே நிறுத்தலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு இரண்டாவது யூனிட்டின் பக்கச் சுவர்தான் இடம். மார்னருக்குப் பதிலாக வேகாஸிலிருந்து வந்த நிக்கோலா ருவா ஃபேஸ்-ஆஃபுக்கும் (ஆட்டம் தொடங்க நடுவர் பக்கைப் போடும்போது நடக்கும் போட்டி) பெனால்டி கில்லுக்கும் உதவுவார், பவர் ப்ளேயில் அவரிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

மேலே நிறுத்த என் தேர்வு டிஃபென்ஸ்மேன் மோர்கன் ரைலி. வயது ஏறிவிட்டது, போன சீசன் 7 கோல், 41 புள்ளிதான், 2018-19இல் 20 கோல் போட்ட ரைலி இப்போது இல்லை. எல்லாம் தெரிந்தும்தான் சொல்கிறேன். லைனில் பக்கைப் பிடிக்கவும், பிடிக்க முடியாதபோது ஓடிப்போய்த் தடுக்கவும் பழகியவர். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ரைலி மேலேயிருந்து அடித்தே ஆக வேண்டும். அவர் அடிக்க மாட்டார் என்று எதிரணிக்குத் தெரிந்துவிட்டால், மேலே நிற்கும் தடுப்பாளர் அவரை விட்டுவிட்டு மேத்யூஸ் பக்கம் சாய்ந்துவிடுவார். அப்போது மேத்யூஸின் ஒன்-டைமருக்கு (வரும் பாஸை நிறுத்தாமல் அப்படியே அடிக்கும் ஷாட்) பாதையே இருக்காது. ஆட்டத்துக்கு இரண்டு ஷாட் போதும். கோல் ஆக வேண்டும் என்றுகூட இல்லை. கோலிக்கு முன்னால் நைஸ் நிற்கிறார், போன சீசன் 29 கோல் போட்ட ஆள், உடம்பை வைத்து நகரவே விடமாட்டார். பட்டுத் தெறிக்கும் பக்குக்கு டவாரெஸ் இருக்கிறார். போன சீசனில் அவர் போட்ட 38 கோலில் பெரும்பங்கு கோலிக்குப் பத்தடி தூரத்துக்குள் நடந்த வேலைதான்.

உள்ளே நுழைவதைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. டிஃபென்ஸ்மேன் நடுவில் பக்கை எடுத்து வந்து எதிரணியைப் பின்வாங்க வைத்து, பின்னால் வேகமாக வருபவருக்கு விட்டுக்கொடுக்கும் டிராப் பாஸ்தான் இப்போது எல்லா அணிக்கும் வழி. அதை வாங்கிக்கொண்டு ப்ளூ லைனைத் தாண்டுவதில் லீகிலேயே நைலேண்டருக்கு மேல் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். முன்பு மார்னரா நைலேண்டரா என்று எதிரணி யோசிக்க வேண்டியிருந்தது. இனி நைலேண்டர் ஒருவர்தான் என்று தெரிந்து காத்திருப்பார்கள். சில இரவுகளில் அடைத்தும் விடுவார்கள். அந்த இரவுகளில் அழகு பார்க்காமல் பக்கை மூலைக்குத் தள்ளிவிட்டு நைஸ் போய் எடுக்கட்டும்.

மீதி எல்லாம் மேத்யூஸின் உடம்பைப் பொறுத்தது. 2023-24இல் 69 கோல், போன சீசனில் 67 ஆட்டத்தில் 33. வருடம் முழுக்க வலியோடு ஆடினார் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக அவர் அடித்தால் பக் ஸ்டிக்கிலிருந்து எப்போது கிளம்பியது என்றே தெரியாது. போன வருடம் பல தடவை, அடிக்க வேண்டிய இடத்தில் இன்னொரு பாஸ் கொடுத்தார். அவர் முழு ஆரோக்கியத்தோடு திரும்பினால் நான் சொன்ன 22 சதவீதம் 23, 24 ஆகலாம். ஆரோக்கியம் இல்லையென்றால் ரைலியோ யாரோ, மேலே யார் நின்றும் பயனில்லை. நைலேண்டர் போன சீசன் 45 கோலோடு லீகில் இரண்டாமிடம். ஷாட்டில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொள்ளலாம், மேத்யூஸின் இடத்தை நிரப்ப முடியாது.

இரண்டாவது யூனிட்டைப் பற்றி இங்கே யாரும் பேசுவதே இல்லை. இத்தனை வருடமும் முதல் யூனிட் ஒன்றரை நிமிடம் நின்றுவிட்டு, கடைசி முப்பது விநாடியைத்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தது. முதல் யூனிட் இனி அவ்வளவு உசத்தி இல்லை என்பதால் நேரத்தைப் பிரித்தாக வேண்டும். டிஃபென்ஸ்மேன் எக்மன்-லார்சன் மேலே, மச்செல்லி பக்கத்தில் என்று ஒரு யூனிட்டை நிரந்தரமாக வைத்து 50 விநாடியாவது விடுங்கள். கனடாவின் ஜூனியர் அணியான லண்டன் நைட்ஸோடு மெமோரியல் கோப்பை வென்று, அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கிய ஈஸ்டன் கோவனுக்கு அணியில் இடம் கிடைத்தால், இங்கேதான் அவரைப் பழக்க வேண்டும்.

சீசன் தொடங்கியதும் சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 20 ஆட்டத்தில் கிடைப்பது 54 வாய்ப்பு. அதில் 15 சதவீதத்துக்கும் 22 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் நான்கு கோல். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பக்குகளே அந்தக் கணக்கைப் புரட்டிவிடும். அக்டோபர் 8ஆம் தேதி மான்ட்ரியலுக்கு எதிரான முதல் ஆட்டத்திலிருந்து நான் எண்ணப்போவது வேறு. ஒரு பவர் ப்ளேக்குள் பக் எத்தனை தடவை ப்ளூ லைனுக்கு வெளியே போகிறது? ஒன்று, ஒன்றரை என்று சராசரி நின்றால், கோல் வராவிட்டாலும் சவார்டை விட்டுவைக்கலாம், கோல் தானாக வரும். மூன்றைத் தொட்டு, நவம்பர் கடைசியிலும் அங்கேயே நின்றால், ஆட்களை மாற்றிப் பயனில்லை. திட்டத்தையே மாற்ற வேண்டும், அதைப் போடுகிற பயிற்சியாளரையும் சேர்த்து.