கொழும்பிலிருந்து நீர்கொழும்புக்குப் போட்டில் போய்வர, போனில் வானிலை பார்த்தால் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மார்ச் கடைசியில் நண்பர்கள் ஐந்து பேர், அவுட்போட் எஞ்சின் பூட்டிய சிறிய பைபர் போட்டில் காலையில் கொழும்பு மோதரையிலிருந்து நீர்கொழும்புக்குப் போய்ப் பின்னேரம் திரும்புகிறீர்கள். வானிலைச் செயலி காற்றின் வேகம் ‘10 நொட்’ (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீற்றர்) என்று காட்டினால் புறப்படலாமா?

சரக்குக் கப்பல்களில் பயணப்பாதை போடும் அதிகாரியாக வேலை செய்தவன் நான். நான் முதலில் கேட்பது, அந்த 10 நொட் எத்தனை மணிக்கு வீசும் காற்று என்பதைத்தான். புறப்படும் நேரத்துக் காற்றைப் பார்த்துவிட்டு போனை மூடிவிடுகிறார்கள் பலர். உங்களுக்கு வேண்டியது திரும்பும் நேரத்துக் காற்று.

மார்ச் மாத விடியலில் கரைக்காற்று மெல்ல வீசும். கடல் அமைதியாக இருக்கும். சுமார் 30 கிலோமீற்றரை ஒன்றரை மணி நேரத்தில் ஓடிவிடுவீர்கள். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழும். அது தென்மேற்குப் பக்கமாகத் திரும்பிவிட்டால், தெற்கே கொழும்பை நோக்கி வரும் உங்களுக்கு அலை முன்பக்கத்தில் அடிக்கும். வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், இருட்டும் நெருங்கும்.

மார்ச், ஏப்ரலில் இதைவிட ஆபத்தானது பின்னேர இடிமழை. செயலியில் தெரிவது கணினி மாதிரியின் கணக்கு. உலகம் முழுவதற்குமான மாதிரிகள் கடலை ஏறத்தாழ 10 முதல் 25 கிலோமீற்றர் அளவான கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. சில கிலோமீற்றர் அகலமான இடிமுகில் சல்லடைக் கண்ணில் குருணை போல நழுவிவிடும். திரையில் 10 நொட் என்றே இருக்கும். முகிலின் கீழ் அதைப்போல மூன்று மடங்கு காற்று பாயும். அதனால்தான் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்பு அறிக்கையைக் கட்டாயம் வாசிக்கச் சொல்கிறேன். தமிழிலும் வருகிறது. இடிமழையின்போது தற்காலிகமாகப் பலத்த காற்றும் கடல் கொந்தளிப்பும் ஏற்படலாம் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். வழக்கமான வரிதானே என்று தாண்டிப் போகாதீர்கள். உங்கள் பின்னேரத்தைப் பற்றிச் சொல்வது அந்த வரிதான்.

அலகையும் கவனியுங்கள். திணைக்களம் மணிக்குக் கிலோமீற்றரில் சொல்கிறது. செயலிகள் பெரும்பாலும் நொட்டில் காட்டும். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். செயலியில் 30 என்றால் மணிக்கு 55 கிலோமீற்றருக்கு மேல். சிறு போட்டுக்கு அது ஆகவே ஆகாது. காற்று இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும்.

அலை உயரம் 1.5 மீற்றர் என்று இருந்தால், அது உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. இடையிடையே அதைப்போல ஏறக்குறைய இரட்டிப்பு உயரத்தில் ஒன்று வரும். அலைக்கு அலை இடைவெளி 14, 16 விநாடி என்றால், அந்த அலை பெரும்பாலும் தொலைதூரத் தென்கடல் புயலில் பிறந்து நாட்கணக்கில் ஓடி வந்தது. இங்கே காற்றே இல்லாத நாளிலும் அது வரும். நடுக்கடலில் மெல்லத் தூக்கி இறக்கும். ஆழம் குறைந்த களப்பு வாயில் எழுந்து உடையும். நீர்கொழும்புக் களப்பிலிருந்து நீர் வெளியே ஓடும் வேளையில் அங்கே அலை இன்னும் செங்குத்தாகும். உள்ளே நுழையும் நேரத்தை அவ்வூர் மீனவர்களிடம் முதல்நாளே கேட்டு வையுங்கள்.

பல நாள் பயணம் போகிறவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு: கரையில் பார்த்த அறிக்கை கடலில் பழசாகிவிடும். 2017 நவம்பர் 29 அன்று இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் தாழமுக்கமாக உருவான ஒக்கி, மறுநாளே சூறாவளியானது. முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலர் திரும்பவில்லை. ரேடியோவில் புதிய அறிக்கையைக் கேட்க வழியில்லாமல் நெடுநாள் பயணம் போவது சரியல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடவே காற்றழுத்தம் அளக்கும் ஒரு பாரமானியும் வேண்டும். நம் பகுதியில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும்: காலை, இரவு 10 மணியளவில் உச்சம், மாலை, அதிகாலை 4 மணியளவில் தாழ்வு. இந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போதும் வழமையைவிட 3 ஹெக்டோபஸ்கல் குறைந்திருந்தால் அருகில் புயல் உருவாகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். 5 குறைந்தால் ஏறத்தாழ நிச்சயம்.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். காலை 6 மணிக்குப் புறப்பட்டு 11 மணிக்குள் மோதரைக்குத் திரும்பிவிடுங்கள். பின்னேரம்வரை நிற்க ஆசையென்றால் போட்டை அங்கேயே கட்டிவிட்டு ரயிலில் வாருங்கள். மறுநாள் காலை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் காற்றில், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கரையில் வைத்தே ஐவரும் பேசி முடித்து, வீட்டில் ஒருவரிடமும் எழுதிக் கொடுங்கள். கடலில் போய் அதைப் பேசத் தொடங்கினால் ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்பவரின் பேச்சுத்தான் எடுபடும்.

பயணம் மே கடைசிக்குத் தள்ளிப்போனால் மேலே சொன்ன நேரக்கணக்கு செல்லாது. அப்போது சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, தொடங்கியிருக்கும். 2013 ஜூனில் அது திடீரென வலுத்தபோது மேற்கு, தென் கரைகளில் கடலிலிருந்த மீனவர்கள் பலர் இறந்தார்கள். அனுபவமுள்ள தொழிலாளர்கள் அவர்கள். அந்த மாதங்களில் சிறு போட்டில் போகவே வேண்டாம்.